ராஷ்டிரபதி பவனை அமைத்தவர் கட்டிய பொம்மை மாளிகை

ஊரிலிருந்து டில்லிக்கு வரும் உறவினர்களை ரெய்ஸினா குன்றுக்கு அழைத்துச் சென்று, ராஷ்டிரபதி பவனின் இரும்புக் கதவுகளுக்கு முன் நிறுத்திப் படம் எடுக்காத தமிழ்க் குடும்பம் தலைநகரில் அநேகமாக இருக்க முடியாது. 340 அறைகள் கொண்ட அந்த மாளிகையை அமைத்தவர் ஸர் எட்வின் லட்யென்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயமே. ஆனால், அந்த மாளிகையின் வரைபடங்கள் அவருடைய மேஜையில் விரிந்து கிடந்த அதே ஆண்டுகளில் இன்னொரு அரண்மனையையும் அவர் கட்டி முடித்தார் என்பது பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த அரண்மனையின் உயரம் சுமார் ஐந்து அடி!

அதற்கு 'ராணி மேரியின் பொம்மை வீடு' என்று பெயர். இங்கிலாந்தில் விண்ட்ஸர் கோட்டையில் இன்றும் இருக்கிறது. மின்சார விசையைப் போட்டால் அதன் வெளிச்சுவர் முழுவதும் ஓர் உறையைப் போல மேலே எழும்பும்; நான்கு பக்கமும் அறைகள் தெரியும். விளக்குகள் எரியும். குளியலறைக் குழாய்களில் தண்ணீர் வரும். இரண்டு லிஃப்டுகள் ஏறி இறங்கும். கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டியை இழுத்து விடலாம். பக்கத்தில் அதற்குரிய காகிதச் சுருளும் உண்டு. கிராமபோன் பெட்டியில் தட்டை வைத்தால் அன்றைய ஆங்கில தேசிய கீதம் ஒலிக்கும்.

டில்லியில் வாழ்பவர்களுக்கு லட்யென்ஸ் ஏதோ முறைப்பான துரையாகவே மனத்தில் பதிந்திருக்கிறார். உண்மையில் அவர் விளையாட்டுப் புத்தி நிறைந்தவர். சிலேடையும் கேலிச் சித்திரமும் இல்லாமல் அவரால் ஒரு கடிதம் எழுத முடியாது. தமிழ்நாட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய மனைவி எமிலி, முன்னாள் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் மகள். அடையாறு பிரம்மஞான சபையில் ஈடுபட்டு, ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தம் பிள்ளையைப் போலவே பாவித்தவர். மனைவி ஞானத்தைத் தேடிக் கொண்டிருந்த காலத்தில் கணவர் ஓர் அங்குல நீளமுள்ள பாட்டில்களுக்கு அலமாரி போட்டுக் கொண்டிருந்தார்.

குழந்தைகளுக்காக அல்ல

பொம்மை வீடு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது செப்புச் சாமான்தான். மரத்தில் கடைந்த அடுப்பு, அம்மி, இட்லிப் பானை. கூடவே ஒரு மரப்பாச்சி. ஐரோப்பாவின் பழைய பொம்மை வீடுகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை பெரியவர்களுடைய உடைமைகள். குழந்தைகள் தொடக்கூட விடமாட்டார்கள்.

பதிவுகளில் காணப்படும் மிகப் பழைய பொம்மை வீடு பவேரியா நாட்டுப் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58ல் செய்வித்தது. மாட்டுத் தொழுவம், சமையலறை, தையல் அறை எல்லாம் இருந்த அந்த வீட்டை அவர் தம் கலைப் பொருள் சேகரிப்பில் வைத்திருந்தார். 1674ல் மியூனிக் அரண்மனையில் பிடித்த தீயில் அது சாம்பலாயிற்று. 1598ல் ஓர் அதிகாரி எழுதி வைத்த பொருள் பட்டியல் மட்டும் பிழைத்தது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அப்படி ஒரு வீடு இருந்ததே உலகுக்குத் தெரிந்திராது.

அடுத்த நூற்றாண்டில் இந்த ஆசை ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து வர்த்தகக் குடும்பங்களைப் பற்றிக் கொண்டது. 1611ஆம் ஆண்டு என்று பொறித்த ஒரு வீடு அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1631ல் அன்னா கோஃபர்லின் என்ற நியூரம்பர்க் பெண்மணி தம்முடைய பொம்மை வீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, துண்டுப் பிரசுரமும் அச்சிட்டு விற்றார். இதைப் பார்த்து வீட்டுப் பெண் பிள்ளைகள் குடித்தனம் நடத்தக் கற்றுக் கொள்ளலாம் என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய வீடும் இன்று இல்லை, பிரசுரம் இருக்கிறது.

இந்த வகையில் எல்லாவற்றுக்கும் தலையாயது ஆம்ஸ்டர்டாம் ரிக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற அம்மாளின் வீடு. பட்டு வியாபாரியின் மனைவி. ஆமை ஓடும் ஈயக் கலவையும் பதித்த உயரமான அலமாரி ஒன்றின் தட்டுகளே அறைகள். 1686ல் தொடங்கி ஏறத்தாழ 1710 வரை அதற்கு அவர் சாமான் சேர்த்தார். பீங்கான் கிண்ணங்களைச் சீனாவிலிருந்தே தருவித்தார். ஓவியர்களையும் தச்சர்களையும் வைத்து வேலை வாங்கினார். மொத்தச் செலவு இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம் கில்டர் இருக்கும் என்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அன்று ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க் கரை ஓரம் நிஜமான வீடே வாங்கியிருக்கலாம்.

இதைப் பணக்காரப் பெண்ணின் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அப்படி ஒதுக்க முடியாதபடி செய்வது அவர் எந்தெந்த அறைகளைச் சேர்த்தார் என்பதுதான். வரவேற்பறை இருக்கிறது, சரி. சமையல் செய்ய ஓர் அடுக்களை. பீங்கான்களை அடுக்கி அழகு பார்க்க இன்னொரு அடுக்களை. துணி உலர்த்தவும் மடிக்கவும் ஒரு மேல்மாடி. குளிர்காய எரிக்கும் கரிமண்ணைச் சேர்த்து வைக்கும் இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் பிரசவ அறை! பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தின் கப்பல்களையும் சண்டைகளையும் பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் உண்டு. ஆனால் அந்தக் கப்பல்காரர்களின் வீட்டில் சலவை எங்கே நடந்தது, அடுப்புக்குப் பக்கத்தில் என்ன தொங்கியது என்று காட்ட இப்படிப்பட்ட அலமாரிகளை விட்டால் அதிகம் இல்லை. வீட்டுச் சாமானின் தலையெழுத்து அது. புழங்கப் புழங்கத் தேயும், ஓட்டையானால் பழைய பாத்திரக்காரனிடம் போகும், வெள்ளியானால் உருகும். யாரும் புழங்காத காரணத்தாலேயே இந்தக் குட்டிச் சாமான்கள் தப்பிப் பிழைத்தன. இங்கிலாந்தில் அப்பார்க் என்ற பழைய மாளிகை 1989ல் தீப்பற்றி எரிந்தபோது அங்கிருந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பொம்மை வீட்டைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்து விட்டார்கள். மாளிகையின் மேல்தளங்களைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. பொம்மை வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போர் முடிந்த பின்

ராணி மேரிக்குப் பொம்மை வீடு ஒன்று பரிசளிக்கலாம் என்ற யோசனை அவருடைய பால்ய சிநேகிதியும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குச் சகோதரி முறை ஆனவருமான இளவரசி மேரி லூயிஸுக்குத் தோன்றியது. ராணிக்குச் சின்னஞ்சிறு சாமான்கள் என்றால் உயிர். பொம்மை வீடு கட்டித் தர முடியுமா என்று இளவரசி கேட்டது, நாட்டின் முதல்தரக் கட்டடக் கலைஞரை. அவரும் உடனே ஒப்புக் கொண்டார். அது 1921ஆம் ஆண்டு.

அந்த ஆண்டை நினைவில் வைத்துக் கொண்டால்தான் விஷயம் புரியும். முதல் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். லண்டனில் போரில் மாண்டவர்களுக்கான நினைவுச் சின்னத்தை லட்யென்ஸ் அப்போதுதான் முடித்திருந்தார். டில்லியில் இந்தியா கேட்டுக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டதும் அதே 1921, பிப்ரவரி மாதத்தில்தான். அதை வடிவமைத்தவரும் அவரே. இறந்த சிப்பாய்களுக்கு வளைவும், வைஸ்ராய்க்கு மாளிகையும், ராணிக்குப் பொம்மை வீடும் ஒரே அலுவலகத்திலிருந்து ஏக காலத்தில் வெளிவந்தன.

பொம்மை வீட்டுக்கு 1,500க்கு மேற்பட்ட கலைஞர்கள், கைவினைஞர்கள், உற்பத்தியாளர்கள் உழைத்தார்கள். எங்கள் நாட்டுத் தொழில் திறமை போரில் அழிந்து போகவில்லை, பாருங்கள் என்று உலகுக்குக் காட்டும் எண்ணம் அதில் இருந்தது. 1924ல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பேரரசுப் பொருட்காட்சியில் அதை வைத்தார்கள். பதினாறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். வசூல் ராணியின் தர்ம காரியங்களுக்குப் போயிற்று. ராணியும் லேசுப்பட்டவர் அல்ல. வேலை நடக்கும்போதே வந்து, எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று யோசனை சொல்லிக் கொண்டிருந்தார்.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

நம் கொலுவில் அளவுப் பொருத்தத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. செட்டியார் பொம்மை உட்கார்ந்த நிலையிலேயே பக்கத்துக் கோபுரத்தைவிட உயரமாக இருக்கும். அதில்தான் கொலுவின் அழகே. லட்யென்ஸின் வீட்டில் அந்தச் சலுகை கிடையாது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது விதி. ஆறடி மனிதனுக்கு ஆறு அங்குலம். நாற்காலி, கரண்டி, தலையணை எதுவானாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு.

சொல்வது சுலபம். மரத்தைச் சிறிதாக அறுக்கலாம், வெள்ளியைச் சிறிதாக வார்க்கலாம். துணியை என்ன செய்வது? நூலின் பருமன் குறையாதவரை எவ்வளவு சிறிய மேஜை விரிப்பும் அட்டை போல விறைத்துத்தான் நிற்கும். அதனால் மிக மெல்லிய நூலில் தனியாக நெய்ய வேண்டியிருந்தது. தண்ணீரோ யாருக்கும் கட்டுப்படாது. குழாய் எவ்வளவு சிறிதானாலும் சொட்டு தன் அளவுக்குத்தான் விழும். குட்டித் தொட்டியில் அது ஒரு குடம் கவிழ்ந்தது போல் ஆகும். இவ்வளவையும் சமாளித்துத்தான் வெந்நீரும் தண்ணீரும் வர வைத்தார்கள். கார் கொட்டகையில் டெய்ம்லரும் ரோல்ஸ் ராய்ஸும் நின்றன. துப்பாக்கியைத் திறந்து தோட்டா போடலாம். நிலவறையில் 1,200க்கு மேற்பட்ட பாட்டில்கள். அவற்றில் லண்டன் மது வியாபாரி ஒருவர் அசல் மதுவையே சொட்டுச் சொட்டாக அடைத்துக் கொடுத்தார். பாதாள அறையில் அரசரின் மகுடங்கள். சரக்கறையில் லண்டன் கடைவீதியில் அன்று விற்ற ஜாம், கடுகு, பிஸ்கோத்து டப்பாக்கள், அதே லேபிளுடன்.

தோட்டம் இல்லாத மாளிகை உண்டா? அன்றைய இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜெக்கில் அம்மையார் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார். அது அடித்தளத்தில் ஓர் இழுப்பறைக்குள் இருக்கிறது. மேஜை டிராயரை இழுப்பது போல் இழுத்தால் புல்தரையும் மரங்களும் வெளியே வரும்.

தீப்பெட்டி அளவில் நூலகம்

இவ்வளவு வேடிக்கைகளுக்கும் நடுவில், அறிவுள்ளவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் அதன் நூலகம். தீப்பெட்டி அளவுள்ள தோல் பைண்டு புத்தகங்கள். இளவரசி மேரி லூயிஸ் அன்றைய எழுத்தாளர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஏதாவது ஒன்றைத் தம் கைப்படவே அந்தக் குட்டி ஏட்டில் எழுதித் தரும்படி கேட்டார். 170க்கு மேற்பட்டவர்கள் தந்தார்கள். தாமஸ் ஹார்டி, ஜோசஃப் கான்ராட், ஸாமர்ஸெட் மாம், ஆல்டஸ் ஹக்ஸ்லி, ஜே.எம். பாரி... ஆர்தர் கானன் டாயில் அதற்கென்றே ஒரு குட்டி ஷெர்லக் ஹோம்ஸ் கதை எழுதினார். துப்பறியும் வித்தையைத் தானும் கற்றுக் கொண்டு விட்டதாக வாட்ஸன் ஹோம்ஸை மடக்கப் பார்ப்பதும், ஒவ்வொரு ஊகமும் தவறிப் போவதும் கதை. சுமார் 500 சொற்களே.

அந்த அலமாரியில் கை வைத்தவர்களில் போர் தொடாதவர்கள் குறைவு. கிப்ளிங் 1915ல் ஒரே மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்தவர். கானன் டாயில் 1918ல் மகனை இழந்தவர். பதுங்கு குழிகளிலிருந்து உயிரோடு திரும்பிய கவிஞர்கள் ஸிக்ஃபிரிட் ஸஸூனும் ராபர்ட் கிரேவ்ஸும் எழுதித் தந்திருக்கிறார்கள். சோகமும் கோபமும் உள்ளே இருக்க, ராணியின் பொம்மைக்கு ஏட்டை நிரப்பியபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது அவரவர் ஊகத்துக்கு விட வேண்டியது. எல்லோரும் இணங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெர்னார்ட் ஷா மறுத்தார். அதுவும் மரியாதைக் குறைவாக மறுத்தார் என்று இளவரசிக்கு வருத்தம். வர்ஜீனியா வுல்ஃபும் எழுதவில்லை. இசை மேதை எல்கர், கலைக்கு இப்படியா மரியாதை என்று கோபித்துக் கொண்டார். நாட்டில் லட்சக்கணக்கானோர் வேலையின்றி அலையும்போது இது தேவையா என்ற கேள்விக்கு, அந்த 1,500 பேருக்கும் இது வேலையும் விளம்பரமும் தந்ததே என்பது பதில். பாதிப் பதில்தான்.

குடியிருப்பது யார்?

இந்த வீட்டில் மன்னரும் ராணியும் பொம்மையாகக்கூட வசிப்பதில்லை. கட்டில் விரித்திருக்கிறது, மேஜையில் தட்டு வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். ஆளில்லாத வீட்டைப் பார்த்தால் எழுத்தாளர்களுக்கு ஆவி ஞாபகம் வருவது இயல்பு. பேய்க்கதை மன்னர் எம்.ஆர். ஜேம்ஸ் இந்த நூலகத்துக்கு எழுதியது ஒரு பொம்மை வீட்டில் நள்ளிரவில் நடக்கும் கொலையைப் பற்றிய கதை. வீட்டா ஸாக்வில்-வெஸ்ட் எழுதியதும் இந்த வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் குடியேறிய ஒரு மாயப் பெண்ணைப் பற்றியதே. வீட்டா கதை 2017 வரை அச்சேறாமல் அந்த ஏட்டிலேயே இருந்தது.

உண்மையில் இந்த வீட்டில் ஆவியாக உலவ வேண்டியவர்கள் வேறு. எஜமானர் அறைகளுக்கு எட்டாத மூலைகளில் வேலைக்காரர்களின் அறைகள் இருக்கின்றன. துணிப் பீரோவும், வாளியும் துடைப்பமும், அப்போது புதிதாக வந்திருந்த தூசி உறிஞ்சும் கருவியும், தையல் இயந்திரமும் இருக்கின்றன. இவ்வளவு பெரிய குடித்தனத்தை நடத்த எத்தனை கைகள் தேவைப்பட்டன என்பது அவற்றைப் பார்த்தால் விளங்கும். போருக்குப் பின் அந்தக் கைகள் இங்கிலாந்தில் கிடைப்பது அரிதாகிவிட்டது. தொழிற்சாலையையும் கடையையும் பார்த்துவிட்ட பெண்கள், விடியற்காலையில் எழுந்து பிறர் வீட்டுக் கணப்பைத் துடைக்கத் தயாராயில்லை. ஆக, லட்யென்ஸும் அவருடைய 1,500 பேரும் சின்னதாக்கி வைத்தது, அவர்கள் கண்ணெதிரிலேயே முடிந்து கொண்டிருந்த ஒரு வாழ்க்கை முறையை. ஊர்ட்மன் அம்மாள் தம் வீட்டில் பிரசவ அறையை வைத்தார். ராணியின் வீட்டில் மகுட அறை இருக்கிறது. காட்ட விரும்பியதைத்தான் காட்டியிருக்கிறார்கள் என்றாலும், துடைப்பத்தை மறைக்காமல் வைத்தார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ரெய்ஸினா குன்றில்

டில்லியைத் தலைநகராக்கும் அறிவிப்பை 1911 டிசம்பர் தர்பாரில் செய்தவர் ஐந்தாம் ஜார்ஜ். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் ராணி மேரி. அந்த அறிவிப்பிலிருந்து பிறந்த பெரிய மாளிகையில் 1929ல் வைஸ்ராய் இர்வின் பிரபு குடியேறியபோது, குட்டி மாளிகை விண்ட்ஸர் போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டும் ஒரே பேரரசு என்றென்றும் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியவை. பெரியதற்குப் பதினெட்டு ஆண்டுகளே அந்த வாழ்வு கிடைத்தது.

1948 ஜூனில் இந்தியரான முதல் கவர்னர் ஜெனரலாக அங்கு குடிபுகுந்தவர் ராஜாஜி. வைஸ்ராயின் பிரம்மாண்டமான படுக்கை அறையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விருந்தினர் பகுதியில் ஒரு சிறிய அறைக்கு மாறிக் கொண்டார். பின்னால் வந்த ராஷ்டிரபதிகளும் அந்தப் பகுதியிலேயே வசிக்கலானார்கள். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மாளிகைத் தோட்டத்தில் ஒரு பகுதியை உழுது தானியம் பயிரிடச் செய்தார். ஏரைத் தாமே பிடித்தார். மொகலாயத் தோட்டம் என்று பல்லாண்டுகள் அழைக்கப்பட்ட அந்தத் தோட்டத்துக்கு 2023ல் அம்ருத் உத்யான் என்று பெயர் மாறியது. விண்ட்ஸர் இழுப்பறைக்குள் இருக்கும் ஜெக்கில் அம்மையாரின் தோட்டத்தில் மட்டும் 1924ஆம் ஆண்டின் அதே பூக்கள் பூத்திருக்கின்றன.

அந்த வீட்டில் எதையும் கூட்டுவதோ குறைப்பதோ வழக்கமில்லை. 2024ல் நூற்றாண்டு நிறைவுக்காக ராணி கமிலா, இன்றைய எழுத்தாளர்கள் இருபது பேரிடம் அதே அளவில், கைப்பட எழுதிய புதிய ஏடுகளை வாங்கிச் சேர்த்தார். நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பர்டும் அவர்களில் ஒருவர். இங்கிலாந்து போகும் வாசகர்கள் விண்ட்ஸர் கோட்டைக்கு நுழைவுச் சீட்டு வாங்கினால் பொம்மை வீட்டையும் பார்க்கலாம். வெளிச்சம் பட்டால் துணியும் வர்ணமும் வெளிறிவிடும் என்பதால் அறையை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். கண் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். மகுடங்களுக்கு முன்னால் அவசரப்பட்டு நின்றுவிடாமல் சமையலறைப் பக்கம் போய்ப் பார்ப்பது நல்லது.